முதலில் யாரைக் கேட்டார்கள்?

கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஜெயலெட்சுமி வேதநாயகம் வீட்டு விருந்துக்கான ஆட்டுக்கறியை வழக்கத்தைவிட நன்றாகவே பிரட்டினாள்.

அவர் மேல் இருக்கிற கோபத்தில் உப்பை அள்ளிக் கொட்டிவிடுவாளோ, மிளகாயை ஏற்றிவிடுவாளோ என்று உங்களில் சிலர் பயப்படலாம். அவள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. சாப்பாட்டில் குறை வைத்தால் ஊர் அந்தக் குறையைத்தான் பேசும், வேதநாயகத்தைப் பேசாது. ஊர் வேதநாயகத்தைப் பேச வேண்டும், அதுவும் வாய் வலிக்கப் பேச வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அந்த ஆசையில்தான் கறி அவ்வளவு பக்குவமாக வந்திருந்தது.

வேதநாயகம் அப்படி என்னதான் செய்துவிட்டார்? பினாங்கில் ஜெலுத்தோங் பகுதியில் ஜெயலெட்சுமி குடியிருக்கும் கடைவீடு அவருடையது. கீழே அவளும் கணவர் திருநாவுக்கரசும் விருந்துச் சமையல் எடுத்து நடத்துகிறார்கள், மேலே குடித்தனம். மகள் ஷர்மினி கைக்குழந்தையாக இருந்தபோது வந்தவர்கள். அப்போது வேதநாயகத்தின் அப்பா இருந்தார். இந்த வீட்டை விற்பதாக இருந்தால் முதலில் குடியிருப்பவரைக் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாளிடம் போக வேண்டும், வெளியாளுக்கு என்ன விலையோ அதே விலைதான் இவருக்கும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதவைத்த மனுஷர் அவர்.

அவர் காலமாகி வீடு மகன் கைக்கு வந்தது. மகனும் கேட்கத்தான் செய்தார். தீபாவளி முடிந்ததும் ஒருநாள் வந்து உட்கார்ந்து, கோப்பி குடித்துவிட்டு, வீட்டை விற்கப்போகிறேன், ஒன்பது லட்சம் மலேசிய வெள்ளி, உங்களுக்கு வேண்டுமா என்றார். ஜெயலெட்சுமிக்கு வாயடைத்துப்போயிற்று. திருநாவுக்கரசு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. எங்களால் முடியாது தவுக்கே என்று வீட்டு முதலாளியிடம் சொல்லி, வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் வீட்டை வாங்கப்போகிறவரின் மனைவி அடுப்படியை அளந்து பார்க்க வந்தாள். கோலாலம்பூர்க்காரர்கள். அங்கே கஃபே போடப்போகிறார்களாம். ஆறரை லட்சத்துக்கு இப்படி ஒரு வீடு பினாங்கில் இனி எங்கே கிடைக்கும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் போன தூக்கம் ஜெயலெட்சுமிக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

விலையில் செய்த மோசடியைக்கூட அவள் ஒருவேளை பொறுத்திருப்பாள். அவளைப் பிடுங்கித் தின்றது வேறு.

அந்தக் கோலாலம்பூர் தம்பதி அவளுக்குப் புதியவர்கள் இல்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பன்று வேதநாயகம்தான் தன் சிநேகிதர்கள் என்று சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். திறந்த இல்லம் என்றால் யார் வந்தாலும் எதற்கு வந்தாய் என்று கேட்கக் கூடாது, இலை போட்டு உபசரிக்க வேண்டும். இங்கே பிறந்த எல்லாருக்கும் தெரிந்த மரியாதை அது. ஜெயலெட்சுமி உபசரித்தாள். வீடு அழகாக இருக்கிறதே என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கூரை முழுக்க எங்கள் செலவில் மாற்றினோம், எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது என்றாள். இந்தப் பக்கம் வெள்ளம் ஏறினதே இல்லை என்றாள். காடி நிறுத்த எதிரே தாராளமாக இடம் இருக்கிறது என்றாள். மாடிக்கு அழைத்துப்போய் காற்று எப்படி வருகிறது பாருங்கள் என்று ஜன்னலைத் திறந்து காட்டினாள். கமிஷன் வாங்குகிற ஏஜெண்டுகூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார். தான் குடியிருக்கும் வீட்டைத் தன் வாயாலேயே விற்றுக் கொடுத்து, வாங்கப்போகிறவர்கள் கையில் பலகாரமும் கட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. என் வீட்டு விருந்தில் என்னைக் கோமாளியாக்கினாய் அல்லவா, உன் வீட்டு விருந்தில் உன்னை என்ன செய்கிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

வேதநாயகம் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஆண்டுதோறும் சமைப்பது இவர்கள்தான். இந்த ஆண்டும் ஆர்டர் வந்திருந்தது. எப்படி வெட்கமில்லாமல் ஆர்டர் கொடுக்கிறார் என்று அவள் வியந்தாள். பிறகு, நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டாள்.

கணவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால் ‘விடு ஜெயா’ என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அது. மீன்காரன் எடை குறைத்தாலும் விடு ஜெயா, விருந்துக்காரன் பாக்கி வைத்தாலும் விடு ஜெயா. நல்ல மனுஷர், ஆனால் சண்டைக்கு உதவ மாட்டார் என்று அவரை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சட்டிகளையெல்லாம் வேனில் ஏற்றி முடித்துவிட்டு உள்ளே போனவள் அரக்குக் கலர் பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். வேனை ஓட்டவிருந்த ஷர்மினி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறவள், எதையும் ஒருமுறை பார்த்ததோடு விடமாட்டாள்.

“சமைக்கப் போறோமா, கல்யாணத்துக்குப் போறோமா?” என்று கேட்டாள்.

“ஓப்பன் ஹவுஸுக்குப் போறோம். நானும் இன்னிக்கு விருந்தாளிதான்.”

திருநாவுக்கரசு பின்னால் நெய்ச்சோற்று அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேதநாயகம் குடியிருக்கும் தஞ்சோங் பூங்கா போய்ச் சேரும்வரை அவர் ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேதநாயகத்தின் வீடு பூசை முடிந்து வந்தவர்களால் நிறைந்திருந்தது. மாதாகோயில் ஆட்கள், பக்கத்து வீட்டுச் சீனர்கள், வேதநாயகத்தோடு முன்பு வேலை பார்த்தவர்கள் என்று ஹாலில் நிற்க இடமில்லை. ஜெயலெட்சுமிக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் குளிர்ந்தது. இன்னும் வரட்டும், நிறைய வரட்டும் என்று இருந்தது.

வேதநாயகத்தின் மனைவி தெரேசா இவளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். புடவை நன்றாக இருக்கிறது என்றாள், முதலில் கேக் சாப்பிடு என்று தட்டை நீட்டினாள். ஜெயலெட்சுமி ஒரு நிமிடம் தடுமாறித்தான் போனாள். ஷர்மினிக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வந்தவள் இந்தத் தெரேசா. ஆனால் இந்த அம்மாளுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கேக்கை வாங்கி வைத்தாளே தவிர வாயில் போடவில்லை.

எதிர்பார்த்தபடியே அந்தத் தம்பதி வந்தார்கள். வாங்கப்போகிறவர் பெயர் சந்திரசேகரன். நிதானமான மனிதர், எதைப் பேசினாலும் யோசித்துப் பேசுகிறவர். அவர் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வரும்வரை ஜெயலெட்சுமி காத்திருந்தாள். கரண்டியை எடுத்து, தானே அவருக்குக் கறி பரிமாறினாள். அவர் நன்றி சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தேன் ஒழுகுகிற குரலில் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டை ஆறரை லட்சத்துக்குப் பேசி முடிச்சிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் சார். ரொம்ப சந்தோஷம். எங்ககிட்ட ஒன்பது லட்சம்னு சொன்னாரு வேதநாயகம் அண்ணன். ரொம்ப வருஷமா குடியிருக்கறவங்களுக்கு ஸ்பெஷல் விலை போல.”

பேச்சுச் சத்தம் அப்படியே அடங்கியது. சந்திரசேகரன் தட்டை மேசையில் வைத்தார். குடியிருப்பவரை முறைப்படி முதலில் கேட்காமல் பணம் கட்டினால் வழக்கு வரும் என்று அவருடைய லோயர் முன்பே சொல்லியிருந்தார். அவர் வேதநாயகத்தைத் திரும்பிப் பார்த்து, அவர்களை இதே விலைக்குக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்றதாகத்தானே என்னிடம் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

வேதநாயகத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர், உள்ளே போய்ப் பேசலாம் வா என்று ஜெயலெட்சுமியைக் கெஞ்சுகிற குரலில் கூப்பிட்டார்.

“உள்ள எதுக்குண்ணே? என் வீட்டு ஹால்ல, என் வீட்டுப் பண்டிகையிலதான என்னைய ஏமாத்துனீங்க. இங்கயே பேசுவோம்.”

தெரேசா அவள் தோளைத் தொட்டாள். ஜெயலெட்சுமி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். எத்தனையோ இரவு படுக்கையில் புரண்டு புரண்டு ஒத்திகை பார்த்த இடம் இது. வேதநாயகம் வியர்க்கிறார், ஊர் பார்க்கிறது. அவளுக்கு நெஞ்சு இனித்தது. இதுவே போதும் என்று அப்போது நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் போதவில்லை.

“எல்லார் முன்னாலயும் உங்க வாயாலயே சொல்லுங்க. முதல்ல யாரைக் கேட்டீங்க, என்ன விலைக்குக் கேட்டீங்க? உங்கப்பா போட்ட ஒப்பந்தத்து மேல சத்தியமா சொல்லுங்க.”

வேதநாயகம் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே நெய்ச்சோற்று டிரேயை ஏந்திக்கொண்டு திருநாவுக்கரசு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

“அரசு, நீங்களே சொல்லிடுங்க” என்றார் வேதநாயகம்.

திருநாவுக்கரசு கையிலிருந்த டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கணவரை எதற்கு இதில் இழுக்கிறார் என்று ஜெயலெட்சுமிக்குப் புரியவில்லை. அந்தப் பாவப்பட்ட மனுஷரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள் என்று சீறப்போனாள்.

“நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்லா. என் வீட்ல, என் பிள்ளைங்க முன்னால நான் மட்டும் பொய்யனா நிக்க முடியாது” என்றார் வேதநாயகம்.

சொன்னார். தீபாவளிக்கு முன்பே, கோப்பிக் கடையில் வைத்து, ஆறரை லட்சம் என்று முதலில் திருநாவுக்கரசைத்தான் கேட்டாராம். ஒப்பந்தத்தில் இருப்பது அவர் பெயர்தானே. யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். யோசிக்க ஒன்றுமில்லை, வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டாராம் திருநாவுக்கரசு. அதோடு நிறுத்தவில்லை. ஆறரை என்று ஜெயாவுக்குத் தெரிந்தால் நகையை விற்றாவது வாங்கிவிடுவாள், அதனால் வீட்டுக்கு வந்து ஒன்பது என்று சொல்லுங்கள் என்று அவர்தான் கேட்டுக்கொண்டாராம்.

“தீபாவளிக்கு இவங்களக் கூட்டிட்டு வரச் சொன்னதும் அவர்தான். வேற நாள்ல வந்தா உங்களுக்குச் சந்தேகம் வரும்னாரு.”

ஜெயலெட்சுமி திரும்பினாள். திருநாவுக்கரசு டிரேயை மேசையில் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது, அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“ஆமா.” அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். “கடன எடுத்தா எழுபது வயசு வரைக்கும் அந்த அடுப்புகிட்ட நிக்கணும். என்னால முடியல ஜெயா. முட்டி தேஞ்சு போச்சு. தாசேக் கெலுகோர்ல தம்பி வீட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு எடுத்துக்கிட்டு சும்மா இருக்கலாம்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா நீ கேக்கமாட்ட.”

“சொல்லிப் பாத்தீங்களா?”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் மாடி ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷர் கீழே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார்? அவளுக்கு வந்த கோபத்தில் வேதநாயகம் சின்ன ஆளாகிப்போனார். வெளியே இருப்பவன் ஏமாற்றினால் பழி வாங்கலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் தூங்காமல் புரள்வதைத் தெரிந்துகொண்டே குறட்டை விட்டவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை முட்டியது. இத்தனை பேர் முன்னால் அழுவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் எதிர்பார்க்காமல் தெரேசா முன்னால் வந்தாள். அவளுக்கும் இது எதுவும் தெரியாது என்பது, கணவரை அவள் பார்த்த பார்வையிலேயே எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பெண்பிள்ளையிடம் போய் நேருக்கு நேர் பொய் சொல்லிவிட்டு, அவள் கையாலேயே சமையலும் செய்யச் சொன்னீர்களா என்று வேதநாயகத்தைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்திரசேகரனிடம் இன்னும் கையெழுத்து ஆகவில்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். ஆகவில்லை என்றார் அவர்.

“அப்ப ஒப்பந்தம் யார் பேர்ல இருந்தா என்ன. மாமா வீட்ல பாதிய என் பேர்லதான் எழுதி வெச்சாரு, நான் கேக்குறேன்” என்றாள் தெரேசா. “ஜெயா, ஆறரை லட்சம். உனக்கு வேணுமா? புது வருஷம் வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்.”

அந்த வீட்டைப் பற்றி அவளிடம் ஒருவர் உண்மையான விலையைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வேணும்” என்றாள் ஜெயலெட்சுமி. “என் பேர்ல. என் பேர்ல மட்டும்.”

ஜெயா என்று ஈனசுரத்தில் கூப்பிட்டார் திருநாவுக்கரசு. அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, வேதநாயகத்துக்காக வைத்திருந்த அதே தேன் குரலை எடுத்தாள்.

“நீங்க கவலைப்படாதீங்க. அடுப்புகிட்ட நிக்க வேணாம். மாடியில ஒரு ரூம வாடகைக்கு விடுவேன். முதல்ல உங்களத்தான் கேப்பேன். ஒன்பதுன்னு சொல்ல மாட்டேன், சரியான வாடகையே சொல்லுவேன்.”

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திருநாவுக்கரசு சமையலறைக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பந்தி நடக்கத்தான் செய்தது. ஜெயலெட்சுமி பட்டுப்புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு ஒருவர் விடாமல் பரிமாறினாள். கறியை எல்லாரும் பாராட்டினார்கள், கொஞ்சம் பயத்தோடு. கிளம்பும்போது சந்திரசேகரன் அவளிடம் வந்து, தீபாவளியன்று தாங்கள் வீடு பார்க்க வந்ததை அவளிடம் மறைத்தது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்றார். தன் கார்டை ஒன்று கொடுத்தார். கீழ்த்தளம் மட்டும் கிடைத்தால்கூடப் போதும், வாங்குவதற்குப் பங்காளி தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்றார். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலிச் சட்டிகளை வேனில் ஏற்றும்போது ஷர்மினி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா ஏற்கெனவே பின்சீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

“ம்மா, உங்க வயசுக்கு பேங்க்ல தனியா லோன் குடுக்க மாட்டாங்க. சம்பளச் சீட்டும் உங்களுக்கு இல்ல” என்றாள் ஷர்மினி.

“அதான் நீ இருக்கியே. கூடக் கையெழுத்துப் போடு.”

ஷர்மினி வேனுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஆகும் என்றால் எதற்கும் சரி என்று சொல்லி வளர்ந்த பெண் அவள்.

“முதல்ல அப்பாவைக் கேக்கணும்மா” என்றாள்.

ஜெயலெட்சுமிக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது. கையிலிருந்த அண்டா மூடியை வேனுக்குள் வீசினாள். அது உருண்டு போய்த் திருநாவுக்கரசின் காலடியில் விழுந்தது. அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கேளு. தாராளமா கேளு. வேணாம்னு சொல்றதுல உங்கப்பாவுக்குத்தான் யோசனையே தேவைப்படாதே” என்றாள். “ஆனா புது வருஷத்துக்குள்ள எனக்குப் பதில் வந்துரணும். உன்ன முதல்ல கேட்டுட்டேன். நீ வேணாம்னா நான் வெளியாளப் பாத்துக்குவேன்.”

சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே சந்திரசேகரன் இன்னும் காரைக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தார்.